வராதவர்கள் பட்டியல்

ஒரு பள்ளிக்கூடத்தின் சுற்றுலா அனுமதிக் கோப்பை நான் மூன்று முறை திருப்பி அனுப்பியிருக்கிறேன். மூன்று முறையும் நான் கேட்ட விளக்கம் சட்டப்படி சரியானது. எந்த மேலதிகாரி எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு வரியைக்கூடத் தப்பென்று சொல்ல முடியாது. ஆனால் சட்டத்துக்காக நான் அதைச் செய்யவில்லை. பழி வாங்குவதற்காகத்தான் செய்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. சந்தோஷமாகவும் இருக்கிறது.

திருவனந்தபுரத்தில் ஒரு கல்வி அலுவலகத்தில் கிளார்க்காக இருக்கிறேன். எங்கள் கீழ் வரும் அரசுப் பள்ளிகள் பிள்ளைகளைச் சுற்றுலாவுக்கு அழைத்துப் போவதென்றால் எங்களிடம் அனுமதி வாங்க வேண்டும். ஓணம் விடுமுறை முடிந்ததும் விண்ணப்பங்கள் வர ஆரம்பிக்கும். அவற்றைப் பார்க்கும் சீட்டுக்கு நான் மாற்றலாகி வந்த முதல் வருடமே ஒன்று என் கண்ணில் பட்டது. நகரத்தின் நடுவே இருக்கும் பெரிய பள்ளிகளிலிருந்து ஒரே வருடத்தில் மூன்று நான்கு விண்ணப்பங்கள் வரும். மைசூர், வயநாடு, மூணாறு. விழிஞ்ஞத்துக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு பள்ளி உண்டு. அதன் மாடியில் நின்றால் புதுத் துறைமுகத்தின் கிரேன்கள் தெரியும். அங்கிருந்து ஒரு விண்ணப்பம்கூட வந்ததில்லை. மிருகக்காட்சி சாலைக்குப் போகக்கூட அவர்கள் கேட்டதில்லை. போகிறவர்களுக்கு அலுவலகத்தில் கோப்பு இருக்கிறது. போகாதவர்களுக்குக் கோப்பே கிடையாது. அதனால் அவர்களைப் பற்றி யாரும் விசாரிப்பதும் இல்லை.

நானும் அப்படிக் கோப்பில் இல்லாமல் வளர்ந்தவள்தான்.

எங்கள் குடும்பம் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்தது. அப்பா தம்பானூரில் ஒரு லாட்ஜில் வரவேற்பு மேசையில் வேலை பார்த்தார். கரமனையில் வாடகை வீடு. என்னைச் சேர்த்த அரசுப் பள்ளியில் ஒவ்வொரு வகுப்புக்கும் நான்கு டிவிஷன்கள். ஏ, பி, சி மூன்றும் மலையாளம். டி மட்டும் தமிழ். ஏழு டியில் நாங்கள் பத்தொன்பது பேர்.

அந்த வருடம் ஏழாம் வகுப்பைப் பத்மநாபபுரம் அரண்மனைக்கும் கன்னியாகுமரிக்கும் அழைத்துப் போவதாகச் சொன்னார்கள். சுற்றுலாவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஒரு சமூக அறிவியல் ஆசிரியர். அவர் ஒரு நோட்டோடு ஏ டிவிஷனுக்கு வந்து பெயர் எழுதினார். பிறகு பி, பிறகு சி. எங்கள் வகுப்புக்கும் சி டிவிஷனுக்கும் நடுவே ஒரு மரத்தட்டிதான் இருந்தது. அவர் பெயர் கூப்பிடுவதும் பிள்ளைகள் கத்துவதும் எங்களுக்கு அப்படியே கேட்டது. அடுத்து நாம்தான் என்று எல்லோரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம். அவருடைய செருப்புச் சத்தம் எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டது.

மறந்துவிட்டார் என்றுதான் நினைத்தோம். நான் வகுப்புத் தலைவி. பத்தொன்பது பெயரையும் ஒரு வெள்ளைத்தாளில் கோடு போட்டு, என் கையெழுத்து எவ்வளவு அழகாக வருமோ அவ்வளவு அழகாக எழுதி, ஸ்டாஃப் ரூமுக்குக் கொண்டு போனேன். அவர் டீ குடித்துக்கொண்டிருந்தார். தாளை நீட்டினேன். வாங்கவில்லை. மேசையில் வைத்தேன்.

"கன்யாகுமாரியோ? அது நிங்ஙளுடெ நாடல்லே!" என்றார். உங்கள் ஊரை உங்களுக்கே கூட்டிக்கொண்டு போய்க் காட்ட வேண்டுமா என்று அர்த்தம். பக்கத்திலிருந்த இரண்டு ஆசிரியர்கள் சிரித்தார்கள். அவர் கையிலிருந்த டீ கிளாஸை என் தாளின் மேல் வைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார். நான் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். பிறகு திரும்பி வந்தேன். தாள் அங்கேயே கிடந்தது.

நான் அதுவரை கன்னியாகுமரியைப் பார்த்ததில்லை. திருநெல்வேலி ரயில் நாகர்கோவில் வழியாகப் போகும்போது, அந்தப் பக்கம்தான் கடல் என்று அப்பா கை காட்டுவார், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லி அழுதேன்.

"சாருமாருகிட்டப் போயி மல்லுக்கு நிக்காதட்டி. அப்பா ஒருநா கூட்டிட்டுப் போவாக," என்றாள் அம்மா.

அப்பாவுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லாட்ஜில் வேலை அதிகம். அந்த ஒருநாள் வரவேயில்லை.

சுற்றுலா அன்று பஸ் புறப்படும்போது நாங்கள் ஜன்னலில் நின்று பார்த்தோம். கடைசி சீட்டில் எங்கள் பள்ளியிலேயே படிக்காத இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். ஆசிரியர்களுடைய பிள்ளைகள். ஆக, இடம் இல்லாமல் எங்களை விட்டுவிட்டுப் போகவில்லை.

அதோடு போயிருந்தால் ஒருவேளை மறந்திருப்பேன். கிறிஸ்துமஸ் பரீட்சையில் தமிழ்த் தாளில் கடைசிக் கேள்வி: நீங்கள் சென்று வந்த கல்விச் சுற்றுலா பற்றி ஒரு பக்க அளவில் எழுதுக. பதினெட்டுப் பேர் போகாத ஊருக்குப் போனதாக எழுதினார்கள். என் பக்கத்தில் இருந்தவள் கன்னியாகுமரியில் யானை மேல் ஏறியதாக எழுதினாள். நான் ஒரே வரி எழுதினேன். 'எங்களை யாரும் அழைத்துப் போகவில்லை.' அந்தக் கேள்விக்கு எனக்குப் பூஜ்யம். அதுவரை நான்தான் முதல் ரேங்க். யானை மேல் ஏறியவள் முதலாவதாக வந்தாள். தாளைத் திருத்திய தமிழ் டீச்சர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ஒரு பக்கம் எழுதணும்னு கேட்டிருக்கு குட்டி, நான் என்ன செய்யட்டும்?" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. என் கோபம் முழுவதையும் ஒரே ஆளுக்கு என்று எடுத்து வைத்துக்கொண்டேன்.

பிறகு படித்தேன், பி.எஸ்.சி. தேர்வு எழுதினேன், வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. கன்னியாகுமரிக்கும் போய்வந்தேன். எத்தனையோ பேர் செய்த எத்தனையோ விஷயங்கள் மறந்துபோயின. அந்தச் சமூக அறிவியல் ஆசிரியருடைய பெயரும் ஸ்டாஃப் ரூம் சிரிப்பும் மட்டும் போகவில்லை.

சில வருடங்களுக்கு முன்பு, நகரத்தின் ஒரு பெரிய பள்ளியிலிருந்து ஒன்பதாம் வகுப்புக்கு மூணாறு போவதற்கான விண்ணப்பம் வந்தது. இரண்டு பஸ், இரண்டு நாள். அடியில் தலைமையாசிரியர் கையெழுத்து. கையெழுத்துக்குக் கீழே அவருடைய பெயர். அதே பெயரில் வேறு ஆள் இருக்கலாமே என்று அவருடைய பணிப் பதிவை எடுத்துப் பார்த்தேன். பழைய பள்ளிகளின் வரிசையில் என் பள்ளியும் இருந்தது. அவரேதான்.

பிறகு மாணவர் பட்டியலைத் திருப்பினேன். ஒன்பது ஏ, ஒன்பது பி, ஒன்பது சி. அந்தப் பள்ளியிலும் டி டிவிஷன் தமிழ்தான் என்று எனக்குத் தெரியும். டியிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை.

பட்டியலை முதலிலிருந்து இன்னொரு தடவை திருப்பிப் பார்த்தேன். அடுத்த நிமிடம், யாரோ வீட்டு வாசலில் கொண்டுவந்து பரிசு வைத்துவிட்டுப் போனதைப் போல ஒரு சந்தோஷம் வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

கோப்பில் மூன்று குறைகள் இருந்தன. ஒரு பஸ்ஸின் ஃபிட்னஸ் சர்டிபிகேட் சுற்றுலாவின் முதல் நாளோடு முடிகிறது. இரவுப் பயணம் கூடாது என்ற விதியை மீறித் திரும்பி வரும் நேரம் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது, டி டிவிஷன். ஒழுங்கான கிளார்க் மூன்றையும் ஒரே கடிதத்தில் கேட்டிருப்பாள். நான் ஒன்றொன்றாகக் கேட்டேன். பஸ்ஸைப் பற்றி மட்டும் கேட்டு முதல் கடிதம். அதற்குப் பதில் வந்து சேர்ந்த பிறகு நேரத்தைப் பற்றி இரண்டாவது. அதற்கும் பதில் வந்த பிறகுதான் டி டிவிஷன். ஒவ்வொரு கடிதத்தையும் அனுப்பிவிட்டு, அவர் அதைப் பிரித்துப் படிக்கும் முகத்தை மனதில் ஓட்டிப் பார்ப்பேன். வீட்டில் சமைக்கும்போதுகூட ஓட்டிப் பார்ப்பேன்.

மூன்றாவது கடிதத்துக்கு அவரே நேரில் வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. உடம்பு சுருங்கியிருந்தது. என்னைத் தெரியவில்லை. "மேடம்" என்று கூப்பிட்டார். உட்காரச் சொல்லாமல் கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உட்காரச் சொன்னேன். என் மலையாளத்தில் இருந்த தமிழைக் கேட்டதும் அவருக்குப் பிடி கிடைத்துவிட்டது.

"மேடம் தமிழாணோ? எனக்கும் தமிழ் கொஞ்சம் அறியும். பண்டு தமிழ்ப் பிள்ளைகள் உள்ள ஸ்கூல்ல வேலை பார்த்திட்டுண்டு. நல்ல பிள்ளைகள். ஒரு பிரச்னையும் இல்லா."

"இந்த லிஸ்ட்ல டி டிவிஷன் பிள்ளைகள் ஒருத்தரும் இல்லையே சார். ஏன்?"

"அவங்க வரில்லா மேடம். தால்பர்யம் இல்லா." ஆர்வம் இல்லையாம்.

"அவங்ககிட்ட யார் கேட்டது?"

"கேட்கணும்னு இல்லையே. எல்லா வருஷமும் இப்படித்தானே."

"அப்போ எழுதிக் கொடுங்க. டியில உள்ள ஒவ்வொரு பிள்ளை பேருக்கும் நேரே ஏன் வரலைன்னு எழுதணும். வீட்டிலேர்ந்து கையெழுத்தும் வேணும்."

"மேடம், பதினாலு பிள்ளைகள் உண்டு. இனி ஆறு திவசமே உள்ளூ." ஆறு நாள்தான் இருக்கிறதாம்.

"அப்போ இன்னைக்கே கேட்க ஆரம்பிக்கலாம்."

என் மேசையில் டீ கிளாஸ் இருந்தது. அதை எடுத்து அவருடைய விண்ணப்பத்தின் மேல் வைத்தேன். அவர் கிளாஸைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார். அன்று பஸ்ஸில் நின்றுகொண்டேதான் வீட்டுக்குப் போனேன். கால் வலிக்கவே இல்லை.

அடுத்த வாரம் ஒரு பெண் என் சீட்டைத் தேடி வந்தாள். முப்பது வயதுகூட இருக்காது. அந்தப் பள்ளியின் தமிழ் டீச்சர்.

"நீங்கதான் அந்த டூர் ஃபைல் பார்க்கிறதா மேடம்?"

"ஆமா."

"எங்க பிள்ளைங்க என்ன தப்பு செஞ்சாங்க?"

நான் அவளை உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நடந்ததை நின்றபடியே சொன்னாள். டி டிவிஷனில் கேட்டபோது பதினாலு பேரும் வருகிறோம் என்று கை தூக்கியிருக்கிறார்கள். இரண்டு பஸ்ஸில் இடம் போதவில்லை. மூன்றாவது பஸ் கிடைப்பதற்குள் தேதி தாண்டிவிட்டது. பேசி வைத்த பஸ்களும் வேறு ஓட்டத்துக்குப் போய்விட்டன. தலைமையாசிரியர் காலை அசெம்பிளியில் மைக்கைப் பிடித்து, டூர் இல்லை என்று அறிவித்தார். தமிழ் டிவிஷன் பிள்ளைகளின் பெயரையும் சேர்க்க வேண்டுமென்று ஆபீஸில் நிர்ப்பந்தம் பண்ணியதால் இப்படி ஆகிவிட்டது என்றும் சொன்னார்.

"இப்ப எல்லாரும் எங்க பிள்ளைங்களைத்தான் திட்டறாங்க மேடம். 'பாண்டிங்க வந்து டூரைக் கெடுத்துட்டாங்க'ன்னு. இன்டர்வெல்லுக்குக்கூட வெளியே போகாம வகுப்புக்குள்ளேயே உட்கார்ந்திருக்காங்க. ஒரு பொண்ணு என்கிட்ட வந்து, என் பேரை வெட்டிடுங்க டீச்சர், நான் வரலைன்னே எழுதிடுங்கன்னு அழறா. அவ இதுவரை எந்த டூரும் போனதில்லை."

பாண்டி என்பது தமிழர்களைக் கேவலமாகக் குறிக்க அங்கே சொல்லும் வார்த்தை. எனக்கு முதலில் வந்தது கோபம்தான். அந்த ஆள் என்னைவிடக் கெட்டிக்காரன் என்று தோன்றியது. நான் விட்ட அடியை அப்படியே பிடித்து அந்தப் பிள்ளைகள் பக்கம் திருப்பிவிட்டான். பிறகுதான் உறைத்தது. அடியை ஓங்கியவள் நான். மூன்று கடிதத்தையும் ஒரே நாளில் அனுப்பியிருந்தால் மூன்றாவது பஸ் பிடிக்க அவர்களுக்கு நேரம் இருந்திருக்கும். பதினாலு பிள்ளைகளையும் என் கணக்குத் தீர்க்கக் கூசாமல் கையில் எடுத்திருக்கிறேன்.

"ரெண்டு நாள் கொடுங்க," என்றேன்.

"என்ன செய்யப் போறீங்க?"

"எனக்கும் தெரியலை. ஆனா செய்வேன்."

எங்கள் அதிகாரி கொல்லத்துக்காரி. அதிகம் பேச மாட்டார். கோப்பை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் வைத்தேன். மூன்று கடிதங்களையும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது மூணும் ஒரே லெட்டர்ல கேட்டிருக்கலாமே?" அவர் கேட்டது மலையாளத்தில்தான்.

"கேட்டிருக்கலாம் மேடம்."

"பின்னே ஏன் கேட்கலை?"

வேறு பொய் தயாராக இல்லை. ஏழு டி, பத்தொன்பது பெயர், பரீட்சைத் தாள் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது குரல் உடைந்தது. நாற்பது வயதில், அதிகாரியின் மேசைக்கு முன்னால். அவர் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு, "புதுத் தேதிக்கு ஆர்டர் டைப் பண்ணிக் கொண்டுவா, இப்பவே," என்றார்.

டைப் செய்தேன். கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு புதுத் தேதி. அனுமதிக்கு மூன்று நிபந்தனைகள் போட்டேன். ஒன்று, டி டிவிஷன் மாணவர்களுக்கு முதல் பஸ்ஸில் இடம் ஒதுக்க வேண்டும். இரண்டு, வராத மாணவர் ஒவ்வொருவருக்கும் காரணத்தோடு பட்டியல் தர வேண்டும். மூன்று, தலைமையாசிரியர் தானே முதல் பஸ்ஸில் உடன் சென்று திரும்ப வேண்டும்.

அதிகாரி மூன்றாவது நிபந்தனையில் பேனாவை வைத்தார். "இது எந்த ரூல்ல இருக்கு?"

"எந்த ரூல்லயும் இல்லை மேடம்."

சிரித்தார். வெட்டாமல் கையெழுத்துப் போட்டார்.

ஆர்டர் போய்ச் சேர்ந்த அன்று தலைமையாசிரியருக்குப் போன் செய்தேன். அலுவலகப் போனில் இல்லை, என்னுடைய போனில். நான் யார் என்று சொன்னேன். பள்ளியின் பெயரைச் சொன்னேன். ஏழு டி என்றேன், கன்னியாகுமரி என்றேன், நான் கொண்டுவந்து வைத்த தாளைச் சொன்னேன். இத்தனை வருடமாக இந்த நிமிடத்தைப் பல விதமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். திடுக்கிடுவார், மன்னிப்புக் கேட்பார், அல்லது கத்துவார்.

"எனிக்கு ஓர்மயில்லா," என்றார். நினைவே இல்லையாம்.

அன்று ஸ்டாஃப் ரூமில் அவர் சொன்ன வாக்கியத்தை அவருடைய மலையாளத்திலேயே, அவர் இழுத்த இடத்தில் இழுத்து, திருப்பிச் சொன்னேன்.

"அது ஞான் தமாசு பறஞ்ஞதாயிருக்கும், மோளே."

விளையாட்டுக்குச் சொன்னதாக இருக்கும், மகளே. அந்த 'மோளே' என்னைச் சுட்டது.

"மோளேன்னு விளிக்கண்டா. மேடம்னு விளிச்சா மதி," என்றேன். மேடம் என்று கூப்பிட்டால் போதும். போனை வைத்துவிட்டேன். அதன் பிறகு அழுதேன். அவர் மறந்ததற்காகத்தான் அழுதேன். ஒரு ஆளை இத்தனை காலம் சுமந்திருக்கிறேன். அந்த ஆளுக்கு என் முகம் ஒரு நாள்கூடத் தொந்தரவு கொடுத்ததில்லை.

சுற்றுலா நடந்தது. மூன்று பஸ்கள் போயின. டியிலிருந்து பன்னிரண்டு பேர் போனார்கள். ஒரு பிள்ளைக்கு அம்மை. இன்னொரு பிள்ளையை வீட்டில் விடவில்லை. இரண்டு காரணமும் பட்டியலில் எழுதியிருந்தது. பெயரை வெட்டச் சொன்ன பெண் போனாள். தமிழ் டீச்சர் எனக்குப் புகைப்படங்கள் அனுப்பினாள். தேயிலைச் சரிவில் பிள்ளைகள் கூட்டமாக நின்றார்கள். ஓரத்தில் தலைமையாசிரியர் ஒரு கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு நின்றார்.

"என்ன ஆச்சு அவருக்கு?" என்று கேட்டேன்.

"அடிமாலி தாண்டினதிலிருந்து வாந்தி மேடம். ஒவ்வொரு வளைவுக்கும் வாந்தி. எங்க பிள்ளைங்கதான் எலுமிச்சம்பழம் கொடுத்துப் பார்த்துக்கிட்டாங்க."

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றேன். அவள் சிரித்துக்கொண்டே முதலிலிருந்து சொன்னாள். அந்தப் புகைப்படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை.

மறுவருடம் எங்கள் அதிகாரி, வராதவர்கள் பட்டியலை எல்லாப் பள்ளிகளுக்கும் கட்டாயமாக்கினார். சுற்றுலாவே போகாத பள்ளிகளும் ஏன் போகவில்லை என்று எழுதித் தர வேண்டும் என்று நான் ஒரு வரி சேர்த்தேன். தலைமையாசிரியர்கள் என்னைத் திட்டுவது என் காதுக்கும் வருகிறது. விழிஞ்ஞம் பக்கத்துப் பள்ளியிலிருந்து முதன்முறையாக ஒரு கடிதம் வந்தது. பெரிய பஸ் எங்கள் சந்துக்குள் திரும்பாது, கூட வர ஆசிரியரும் இல்லை என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை வைத்து அவர்களுக்கு ஒரு கோப்பு திறந்தேன். பஸ் முக்கு ரோட்டில் நிற்கட்டும், பிள்ளைகள் அதுவரை நடந்து வரட்டும், பக்கத்துப் பள்ளியிலிருந்து இரண்டு ஆசிரியர்கள் வரட்டும் என்று ஏற்பாடாயிற்று. நாலாம் வகுப்பு மிருகக்காட்சி சாலைக்குப் போய் வந்தது. அது பழிவாங்கல் இல்லை என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தக் கோபம் இல்லையென்றால் அந்தக் கோப்பும் இல்லை.

மூணாறு போய்வந்த அந்த மார்ச்சிலேயே தலைமையாசிரியர் ஓய்வு பெற்றிருந்தார். எங்கள் அலுவலகத்திலிருந்து பிரிவுபசாரக் கூட்டத்துக்கு நான்கு பேர் போனார்கள். நான் போகவில்லை. திரும்பி வந்த பக்கத்து சீட்டுக்காரி என் மேசையில் ஒரு தாளை விரித்து லட்டை வைத்தாள்.

"நல்ல மனுஷன், இல்லையா? பேசினவங்க எல்லாரும் அதைத்தான் சொன்னாங்க. தமிழ்ப் பிள்ளைகளையும் வித்தியாசம் பார்க்காம மூணாறு கூட்டிட்டுப் போனாராம். வயசான காலத்துல தானே கூடப் போனாராம். பி.டி.ஏ. பிரசிடென்ட் பேசும்போது அழுதுட்டாரு."

"ஹெட்மாஸ்டர் என்ன சொன்னார்?"

"என்ன சொல்லுவார்? எல்லாப் பிள்ளைகளும் எனக்கு ஒண்ணுதான்னார். எல்லாரும் கை தட்டினோம்."

அவளும்தான் கை தட்டியிருக்கிறாள். நான் சாயங்காலம் வரை அந்த லட்டைத் தொடவில்லை. எறும்பு வர ஆரம்பித்ததும் தாளோடு சுருட்டிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, கரமனைக்குப் பஸ் பிடிக்கப் போனேன்.